தூக்குக்குண்டும் திசைமுள்ளும் காட்டும் காணாச் சக்திகள்

கண்ணால் கண்டதையே மெய்யென ஏற்பேன் என்று கூறுவோர் பலர். ஆயினும் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் ஒவ்வொரு சுவரும், எவரும் என்றும் கண்டிராத ஒரு சக்தியைச் சாட்சியாக வைத்தே எழுப்பப்பட்டிருக்கிறது. கொத்தனாரின் கையிலுள்ள தூக்குக்குண்டைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு நூல், அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு, வேறொன்றும் இல்லை. குண்டின் ஆட்டம் அடங்கியதும் நூல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே செங்குத்து. அதற்கு மேல் கேள்வி இல்லை. பொறியாளரும் அந்த நூலுக்குக் கட்டுப்பட்டவரே.

கொள்ளேகாலிலிருந்து அனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்னும் ஊர் இருக்கிறது. பழைய மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்த அப்பகுதி 1997-இல் சாமராஜநகர் மாவட்டத்தின்கீழ் வந்தது. சிவராத்திரிக் காலத்தில் மலைக்கு நடந்து செல்லும் பக்தர்கள் அவ்வூரைக் கடந்து போகிறார்கள். அங்கே ஒரு கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார் என்று கொள்வோம். அந்த நூல் பூமியின் நடுவை நோக்கி நேராக இறங்குகிறது என்றுதான் எவரும் நினைப்பர். பூமி ஒரு பூரணமான கோளமாகவும், அதன் உட்பொருள் எங்கும் ஒரே சீராகவும் இருந்திருந்தால் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். உண்மையில் அந்த நூல் அருகிலுள்ள குன்றுக்கும், காலடியில் புதைந்திருக்கும் கனத்த பாறைக்கும், ஆயிரம் கல் தொலைவிலுள்ள மலைத்தொடருக்கும், தெற்கே விரிந்த கடலுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறது. நூலின் சாய்வு மயிரிழையிலும் நுண்ணியது. ஆனால் அந்த நுண்ணிய சாய்வுதான் பூமியின் உள்ளமைப்பை மனிதனுக்கு முதன்முதலில் உணர்த்தியது.

அதைப் பார்க்குமுன் ஒரு சிறு வேடிக்கை. பள்ளிச் சிறுவன் ஒருவன் விரல் நீளமுள்ள காந்தத்தை ஒரு குண்டூசியின் மேல் காட்டுகிறான். ஊசி துள்ளி எழுந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த ஊசியைக் கீழிருந்து இழுத்துக்கொண்டிருப்பது முழுப் பூமி. ஏறத்தாழ 6-ஐ எழுதி அதன்பின் 24 சுழியங்கள் இட்டால் எத்தனையோ அத்தனை கிலோகிராம் நிறையுள்ள பூகோளம் ஒருபுறமும், சிறுவனின் காந்தம் மறுபுறமும் நின்று இழுக்க, காந்தம் வெல்கிறது! ஈர்ப்பு விசை அத்துணை பலவீனமானது. இரண்டு புரோட்டான்களுக்கு இடையேயுள்ள மின்விசையை அவற்றின் ஈர்ப்பு விசையோடு ஒப்பிட்டால், முன்னது பின்னதைப்போல் 1-ஐயும் 36 சுழியங்களையும் எழுதிக் கிடைக்கும் மடங்கு பெரியது.

அப்படியானால் கோள்களையும் விண்மீன்களையும் கட்டி ஆள்வது ஏன் மின்விசையாக இல்லாமல் ஈர்ப்பாக இருக்கிறது? மின்சாரத்தில் நேர், எதிர் என்று இருவகை உண்டு. காந்தத்தில் வடதுருவம், தென்துருவம் உண்டு. ஒன்று மற்றதை ஈடுசெய்து அடக்கிவிடும். பெரும் பொருள்களில் இவை கலந்து சமமாகி வெளியே தலைகாட்டுவதில்லை. ஈர்ப்பு விசைக்கோ எதிர்வகை இல்லை. அதைத் தடுக்கும் திரையும் இல்லை. ஒவ்வொரு மணல் துகளும் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டே போகிறது. கழிப்பதற்கு எவரும் இல்லாத கணக்கு அது. அதனால் சிறிய அளவில் தோற்றுப்போகும் சக்தியே பிரபஞ்ச அளவில் அனைத்தையும் ஆள்கிறது.

திசைமுள் தலைகுனியும் இடம்

இவ்விரு சக்திகளில் காந்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சந்தையில் கிடைக்கும் சாதாரணத் திசைகாட்டியில் முள் கிடைமட்டமாகச் சுழன்று வடக்கு நோக்கி நிற்கும். அதே முள்ளை மேலும் கீழும் அசையும்படி அச்சில் பொருத்தினால் வேறொரு செய்தி கிடைக்கும். காஷ்மீரத்தில் அதன் வடமுனை 50 டிகிரிக்கு மேல் தலைகுனிந்து நிற்கும். தெற்கே வர வரக் குனிவு குறையும். கௌதள்ளியில் அது ஏறத்தாழ 10 டிகிரி. திருநெல்வேலிப் பகுதியை அடையும்போது முள் கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதே காரணம். பூகோள நடுக்கோடு அதற்கும் தெற்கே, கடலில், 8 டிகிரிக்கு அப்பால் இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. காந்த நடுக்கோடு நிலையாகவும் நிற்பதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மெல்ல நகர்கிறது.

நகர்வதற்குக் காரணம் அதன் பிறப்பிடம். ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய இரும்பு பெரும் சுழல்களாகக் கொதித்துப் புரள்கிறது. அப்புரளலில் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவற்றிலிருந்து பூமியின் காந்தப்புலம் எழுகிறது. அங்கே எவரும் சென்றதில்லை, செல்லவும் இயலாது. எனினும் தன் வலிமையில் அந்தப் புலம் மிக எளியது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் வலியது.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வடக்கே தலைவைத்துப் படுக்கலாகாது என்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் ஆசாரம். அதற்கு அண்மைக் காலத்தில் ஓர் 'அறிவியல் காரணம்' கற்பிக்கப்பட்டு வருகிறது: இரத்தத்திலுள்ள இரும்பைப் பூமியின் காந்தம் மூளைக்கு இழுத்துவிடுமாம். இது சரியன்று. இரத்தத்தின் இரும்பு ஆணியின் இரும்பைப் போன்றதல்ல. ஹீமோகுளோபின் என்னும் புரதத்தில் அணுவணுவாகப் பிணைந்திருப்பது. காந்தத்தால் இழுபடும் தன்மை அதற்கு இல்லையெனும் அளவு சொற்பம். மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுப்பவரைச் சூழ்ந்திருக்கும் காந்தப்புலம் பூமியின் புலத்தைப் போல் 30,000 மடங்குக்கும் மேற்பட்டது. அங்கேயே இரத்தம் ஒருபுறமாக ஓடிவிடுவதில்லை. ஆசாரத்தை மதிப்பவர் ஆசாரமாகவே மதிக்கலாம். பொய்க்காலை ஊன்றி அதை நிறுத்த முயல்வது ஆசாரத்துக்கும் பெருமையன்று, அறிவியலுக்கும் பெருமையன்று.

பொதிகை உச்சியில் ஒரு கூடம்

காந்தப்புலத்தைப் பொறுமையுடன் பார்த்துக் குறித்தவர்களின் வரலாறு தென்னகத்திலேயே இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானோக்குக்கூடத்தை நிறுவி, ஜான் கால்டிகாட் என்பவரை அதற்குத் தலைவராக்கினார். அவருக்குப் பின் 1852-இல் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் பிரவுன் வந்தார். இசைக்கு வள்ளலாக மட்டுமே பலரால் நினைக்கப்படும் அம்மன்னரின் இந்தக் கொடை போதிய அளவு பேசப்படுவதில்லை.

பிரவுனுக்கு ஓர் ஐயம். சமவெளியில் முள் காட்டும் நாள்தோறுமான ஊசலாட்டம், உயரத்தில் எப்படி இருக்கும்? அதை அறிய அவர் தேர்ந்தெடுத்த இடம் அகத்திய மலை. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தப் பொதிகைச் சிகரத்தில், யானைகள் உலவும் காட்டைத் தாண்டி, மழையும் பேய்க்காற்றும் ஓயாத இடத்தில், 1855-இல் அவர் ஒரு காந்தநோக்குக்கூடம் கட்டினார். கருவிகளும் உணவும் ஆட்களின் தோள்களில் ஏறின. அங்கே குறிக்கப்பட்டவை எல்லாம் எண்களே. ஒவ்வொரு நேரத்துக்கும் ஓர் எண்.

அவ்வெண்களிலிருந்தும் உலகின் பிற கூடங்களின் பதிவுகளிலிருந்தும் பிரவுன் கண்டறிந்தது பெரிது. ஓரிடத்தில் காந்த விசையின் நாள் சராசரி கூடினாலும் குறைந்தாலும், பூமியின் மறுபுறத்திலும் அதே நாட்களில் அதே போக்கு தெரிகிறது. மேலும் அது ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்புகிறது. அது சூரியன் தன்னைத்தான் சுற்றிக்கொள்ளும் காலத்தோடு பொருந்துகிறது. திருவனந்தபுரத்தின் ஓர் அறையில் பட்டுநூலில் தொங்கும் முள்ளுக்கும் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனுக்கும் உறவு உண்டு என்பதே இதன் பொருள்.

அதே காலத்தில் பம்பாயின் கொலாபா நோக்குக்கூடத்திலும் இதே பணி நடந்துவந்தது. 1859 செப்டம்பர் 1-ஆம் நாள் இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் சூரியனின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின்மேல் திடீரென வெண்ணொளி வெடித்ததைக் கண்டார். ஏறக்குறைய பதினேழரை மணி நேரத்துக்குப் பின் உலகெங்கும் திசைமுட்கள் வெறிகொண்டாற்போல் ஆடின. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்தியாளர்கள் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, வானிலிருந்து கம்பியில் பாய்ந்த மின்சாரத்தைக்கொண்டே செய்தி அனுப்பினர். கொலாபாவில் பணியாற்றியவர்கள் தம் கருவியை விட்டு அகலவில்லை. கிடைமட்டக் காந்த விசை சுமார் 1,600 நானோடெஸ்லா வீழ்ந்தது; அதாவது முழு அளவில் நூற்றுக்கு நான்கு பங்கு. கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய அந்தப் பதிவு கூடத்தின் ஏடுகளில் உறங்கிக் கிடந்தது. 2003-இல் புரூஸ் சுருதானி, லகினா முதலிய ஆய்வாளர்கள் அதை எடுத்துப் புதிதாக ஆராய்ந்தபோதுதான், அந்தப் புயலின் முழு வீச்சும் உலகுக்குத் தெரிந்தது.

ஆனால் இந்த உறவைப் பெரியோர் ஒருவர் மறுத்தார். 1892-இல் ராயல் சொசைட்டியின் தலைவராக உரையாற்றிய கெல்வின் பிரபு, சூரியனுக்கும் பூமியின் காந்தப் புயல்களுக்கும் உறவு இருக்க முடியாது, இரண்டும் ஒத்துவருவது வெறும் தற்செயல் என்று தீர்ப்பளித்தார். சூரியன் ஒரு மாபெரும் காந்தமாக இருந்து இவ்வளவு தொலைவில் முள்ளை அசைக்க வேண்டுமானால், ஒரு புயலின் எட்டு மணி நேரத்தில் அது தன் நான்கு மாத ஒளியும் வெப்பமும் அளவுக்கு ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழை இல்லை. சூரியன் காந்தமாக நின்று தொலைவிலிருந்து இழுக்கிறது என்ற அடிப்படை எண்ணத்தில்தான் பிழை. சூரியனிலிருந்து மின்னேற்றமுள்ள துகள்கள் இடைவிடாத காற்றாக வீசுகின்றன என்பதை 1958-இல் யூஜின் பார்க்கர் கணித்துச் சொன்னார். 1962-இல் மாரினர் 2 விண்கலம் அதை நேரில் அளந்தது. சூரியன் அனுப்பும் அப்பொருளே வந்து பூமியின் புலத்தில் மோதுகிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, மேதையின் கணக்கைவிடக் கூடங்களில் எண்களை எழுதி வைத்தவர்களின் ஏடுகளே உண்மைக்கு அருகில் இருந்தன என்பது புலப்பட்டது.

இந்தியா அந்த ஏடுகளைத் தொடர்ந்து காத்தது. பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்தது. அதன் மின்னோட்டம் அளவீடுகளைக் கெடுத்துவிடும் என்று அறிந்து, 1904-இல் காந்தநோக்குப் பணியைக் கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகுக்கு மாற்றினர். இரும்பு கலவாத கட்டடம் அதற்கென எழுந்தது. காந்த நடுக்கோட்டின் நேர் மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல்தோறும் கிழக்கு நோக்கிப் பாயும் ஒரு மின்னாறு உண்டு. அதை ஆராயத்தான் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்னும் மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து பாய்ந்த முதல் ராக்கெட், இந்திய விண்வெளி முயற்சியின் தொடக்கமாயிற்று. காணாத ஒரு கோடு எங்கே செல்கிறதோ, அங்கேதான் அத்தொடக்கம் அமைய வேண்டியிருந்தது. 2024 மே மாதம் 10, 11 தேதிகளின் இரவில் மீண்டும் ஒரு பெரும் புயல் வந்தபோது, துருவ நாடுகளுக்கே உரிய செவ்வொளியை லடாக்கின் ஹான்லே வானிலும் கண்டனர்.

இமயத்தின் எடை

பிரவுன் கூடம் கட்டிய அதே பொதிகைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. கயிலையில் சிவன் பார்வதி திருமணத்தின்போது தேவர்களும் முனிவர்களும் ஓரிடத்தில் கூடியதால் வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர்ந்ததாம்; பூமியைச் சமன்செய்ய அகத்தியர் தென்திசைக்கு அனுப்பப்பட்டாராம். புவியீர்ப்பை முன்னோர் அறிந்திருந்தனர் என்று இக்கதையைக்கொண்டு வாதிடத் தேவையில்லை. கதைக்கு அதன் அழகு போதும். ஆயினும் அதனுள் ஒரு கேள்வி இருக்கிறது. வடக்கே உள்ள மலைக்கூட்டம் எவ்வளவு கனமானது? தெற்கு எவ்வளவு இலேசானது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கேள்வி, வேறொரு வாயிலாக, நில அளவையாளர்கள் முன் வந்து நின்றது.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்ற வில்லியம் லாம்டன், 1800-இல் பெங்களூர் அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து பார்த்தார். பிறகு 1802 ஏப்ரல் 10-இல் சென்னைப் பரங்கிமலையின் அருகே முறையான அளவையைத் தொடங்கினார். முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்துகொண்டு போன அப்பெரும்பணியை அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்றார். இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை இருவகையில் அறியலாம்: ஒன்று, தரையில் முக்கோணங்களால் அளப்பது, மற்றொன்று, விண்மீன்களின் உயரத்தைப் பார்த்துக் கணக்கிடுவது. பின்னதற்குச் செங்குத்து எது என்று தெரிய வேண்டும். அதற்குத் தூக்குக்குண்டே அளவுகோல்.

நடு இந்தியாவின் கலியான்பூருக்கும், வடக்கே முசாபர்நகரை அடுத்த கலியானாவுக்கும் இடையே இவ்விரு கணக்கும் பொருந்தவில்லை. வேறுபாடு 5.236 கோண விகலை. தரையில் ஏறத்தாழ 160 மீட்டர். சுமார் 600 கிலோமீட்டரில் 160 மீட்டர் என்பது சாதாரண மனிதருக்கு ஒன்றுமில்லை. எவரெஸ்ட் அதை அளவைப் பிழையாகக் கொண்டு, வழிநெடுகப் பகிர்ந்து கரைத்துவிட முனைந்தார். அளவை செம்மையாக நடந்தது என்பதை நம்பி, எஞ்சிய வேறுபாட்டுக்குக் காரணம் தேடியவர் கல்கத்தாவிலிருந்த ஜான் ஹென்றி பிராட் என்னும் கிறித்தவக் குரு. அவர் கணிதம் கற்றவர். இமயமலை தன் பேருடலால் தூக்குக்குண்டைத் தன்பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

கருதியதோடு நிற்காமல், மலையும் திபெத்திய மேட்டுநிலமும் எவ்வளவு இழுக்கும் என்று பகுதி பகுதியாகக் கணக்கிட்டார். 1854-இல் விடை வந்தது. கலியானாவில் 27.853 விகலை, கலியான்பூரில் 11.968 விகலை, இரண்டுக்கும் வேறுபாடு 15.885. காண வேண்டியது 15.885, கண்டதோ 5.236, மூன்றில் ஒரு பங்கு! பிராட்டின் விளக்கம் தேவைக்குமேல் வேலை செய்துவிட்டது. தம் கொள்கைக்கு முரணான அந்த எண்ணை அவர் மறைக்கவில்லை, அப்படியே வெளியிட்டார். அறிவுத்துறையின் நேர்மைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. மலை இருக்க வேண்டிய எடையில் இல்லை என்ற புதிருக்கு அதுவே வாசல்.

இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் எய்ரி 1855-இல் ஒரு விடை தந்தார். ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பரிசலில் ஆட்கள் ஏற ஏற அது நீருக்குள் அதிகம் அமிழ்கிறது. அமிழ்ந்த பகுதி நீரை விலக்கி, மேலுள்ள பாரத்தைத் தாங்குகிறது. அவ்வாறே மலைத்தொடரும் கீழேயுள்ள கனத்த அடுக்கில் ஆழமாக அமிழ்ந்து மிதக்கிறது. வெளியே தெரியும் மலைக்குக் கீழே, அதைவிடப் பன்மடங்கு ஆழமான இலேசான வேர் இருக்கிறது. மேலே உள்ள மிகுதியைக் கீழே உள்ள குறை ஈடுசெய்வதால் தூக்குக்குண்டு குறைவாகவே இழுபடுகிறது. பிராட் 1859-இல் வேறொரு விடை சொன்னார்: பொங்கிய இட்லி மாவு உயர்ந்து நின்றாலும் எடை கூடுவதில்லை, அதுபோல மலையின் அடிப்பொருளே அடர்த்தி குறைந்தது. இன்று இமயத்தைப் பொறுத்தவரை எய்ரியின் கருத்தே பெரிதும் பொருந்துகிறது. அங்கே புவியோடு 70 கிலோமீட்டர் வரை தடித்திருப்பதை நிலநடுக்க அலைகள் காட்டிவிட்டன.

தூக்குக்குண்டு திசையைச் சொல்லும், வலிமையைச் சொல்லாது. வலிமையை அறிய ஊசல் வேண்டும். ஈர்ப்பு குறைந்த இடத்தில் ஊசல் மெதுவாக ஆடும். ஆனால் எவ்வளவு மெதுவாக? ஈர்ப்பு இலட்சத்தில் ஒரு பங்கு குறைந்தால், நாள் முழுவதும் 86,400 முறை வீசும் ஊசல் அரை வீச்சுக்கும் குறைவாகவே பின்தங்கும். இத்தகைய ஊசல்களை எடுத்துக்கொண்டு 1865 முதல் குமரிமுனைப் பகுதியிலிருந்து இமயம் வரை சென்றவர் ஜேம்ஸ் பலாடியோ பேசெவி. மினிக்காய்த் தீவுக்கும் அவர் போனார். உள்நாட்டைவிடக் கடற்கரையிலும், கடற்கரையைவிட நடுக்கடல் தீவிலும் ஈர்ப்பு மிகுந்திருந்தது; மலைப்பகுதியிலோ எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. பரந்த கடலுக்கு அடியில் கனத்த பொருளும் மலைக்கு அடியில் இலேசான பொருளும் இருப்பதற்கு ஊசலும் சாட்சி சொன்னது. லடாக்கின் மேட்டுநிலத்தில், காற்று மெலிந்த கடுங்குளிரில், 1871 ஜூலை மாதம் பேசெவி உயிரிழந்தார். அரை வீச்சைத் தேடிச் சென்ற பயணம் அது.

இன்று அதே வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. 2002 முதல் 2017 வரை கிரேஸ் என்னும் இரட்டைக் கோள்கள், ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பூமியைச் சுற்றின. கீழே ஈர்ப்பு மிகுந்த இடம் வந்தால் முன்னது சற்று முந்தும். இடைவெளி நுண்ணளவு மாறும். அந்த மாற்றத்தைக்கொண்டு, 2002 ஆகஸ்டுக்கும் 2008 அக்டோபருக்கும் இடையே ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, தில்லிப் பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துபோனதாக 2009-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஆழ்துளைக் கிணறு வெட்டியவருக்கும் தெரியாத முழுக் கணக்கு, வானில் சென்ற இரு கோள்களின் இடைவெளியில் பதிவாயிற்று. 2018 முதல் அவற்றின் வழித்தோன்றல்கள் அப்பணியைத் தொடர்கின்றன.

தென்கடலின் பள்ளம்

இனித் தெற்கு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரும்பள்ளம் உண்டு. கடலின் அடியில் அல்ல, கடலின் மேற்பரப்பில். சீரான நீள்கோளமாகப் பூமியைக் கற்பனை செய்தால் கடல்மட்டம் எங்கே இருக்க வேண்டுமோ, அதைவிட அங்கே 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இதுவே. அங்கே ஈர்ப்பு குறைவாதலால் நீர் சுற்றிலும் உள்ள வலுவான இடங்களை நோக்கி விலகிவிட்டது. கப்பலில் செல்பவர் சரிவில் இறங்குவதாக உணரமாட்டார்; ஏனெனில் அப்பரப்பில் எங்கே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாலும் அது நீர்மட்டத்துக்குச் செங்குத்தாகவே நிற்கும். சமம் என்பதே அந்தச் சக்தியால் தீர்மானிக்கப்படும்போது, சமமின்மையைப் புலன்களால் அறிய வழியில்லை.

ஊசல்களுடன் நீர்மூழ்கிக் கப்பல்களில் உலகைச் சுற்றி ஈர்ப்பை அளந்த டச்சு அறிஞர் பீலிக்ஸ் வெனிங் மைனெஸ் 1948-இல் இக்குறைவைச் சுட்டிக்காட்டினார். காரணம் மட்டும் முக்கால் நூற்றாண்டாக விளங்கவில்லை. 2023-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் ஆகிய இருவரும் ஒரு விளக்கம் தந்தனர். 14 கோடி ஆண்டுகளாகப் புவித்தட்டுகள் நகர்ந்த கதையை 19 விதமாகக் கணினியில் ஓட்டிப் பார்த்தனர். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தபோது மறைந்துபோன தெத்தீஸ் என்னும் பழங்கடலின் தரை, மூழ்கி மூழ்கிக் கீழ்மூடகத்தை எட்டியது. அது ஆப்பிரிக்காவின் அடியிலுள்ள சூடான பொருளைக் கிளறிவிட, இலேசான கொழுந்துகள் எழுந்து இந்தியப் பெருங்கடலின் அடியில் பரவின. கனம் குறைந்த அப்பொருளே பள்ளத்துக்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. எழுந்த கொழுந்துகள் உண்மையிலேயே அங்கே இருப்பதை நிலநடுக்க அலைகள் இன்னும் தெளிவாகக் காட்டவில்லை என்று வேறு அறிஞர்கள் தடை சொல்கின்றனர். இதுவும் ஓர் 5.236 ஆக இருக்கலாம், பார்ப்பவர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இந்தப் பள்ளத்தின் சரிவு கடலோடு நிற்கவில்லை. அது தமிழகத்தின் மீதும் கர்நாடகத்தின் மீதும் ஏறி வருகிறது. பெங்களூரில் தாழ்வு ஏறத்தாழ 86 மீட்டர். கௌதள்ளியில் அது 90 மீட்டரை நெருங்குகிறது. செயற்கைக்கோள்களைக்கொண்டு உயரம் காட்டும் கருவியை அவ்வூரில் வைத்து, திருத்தம் ஏதுமின்றிப் படித்தால், அது கடல்மட்டத்திலிருந்து உள்ள உண்மை உயரத்தைவிட ஏறக்குறைய முப்பது மாடி உயரம் குறைத்தே சொல்லும். கருவியில் கோளாறு இல்லை. பல நூறு கிலோமீட்டர் ஆழத்திலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலும் உள்ள பொருளின் கனக்குறைவு அந்த எண்ணில் எழுதப்பட்டிருக்கிறது. மாதேசுவரன் மலைக்கு நடப்பவர்களின் காலடியிலும் அது இருக்கிறது. கொத்தனார் ஆட்டம் அடங்கக் காத்திருக்கும் நூலிலும் இருக்கிறது. நூல் நின்றதும் அவர் அடுத்த கல்லை எடுத்து வைக்கிறார்.